சீப்பும் அழுங்காமையும்

நெடுந்தீவு என்றதும் மட்டக்குதிரைகளும் முருகைக்கல் வேலிகளும் நினைவுக்கு வரும். போர்த்துக்கேயர் அதனைப் பசுக்களின் தீவு என்றனர். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரமொன்றின் பெயரால் டெல்ஃப்ட் என்றனர். இவை பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். நான் எழுத விரும்புவது, தீவைச் சூழ்ந்த கடலுக்கும் நமது தலைமுடிக்கும் இருந்த ஓர் உறவைப் பற்றி.

முருகைக்கற் பாறைகளில் கடற்பஞ்சை உண்டு வாழ்வது அழுங்காமை. பருந்தின் அலகு போன்ற வாயுடையது. அதன் ஓட்டின் மீதுள்ள மஞ்சளும் கபிலமும் கலந்த தகடுகளே ஒரு காலத்தில் உலகின் உயர்ந்த சீப்புகளாயின.

சீப்புக்கு ஆமையோடு எதற்கு? மெல்லிய, நேரான முடியுடையோருக்கு விடை எளிதில் விளங்கும். அத்தகைய முடியில் சுருள் இல்லாததால் தலையின் எண்ணெய் விரைவில் வழிந்து, முடி படிந்துவிடும். வறண்ட நாளில் பிளாஸ்டிக் சீப்பு பட்டால் மின்னேற்றம் கொண்டு இழை இழையாகப் பறக்கும். அச்சில் வார்த்த மலிவான சீப்பின் பற்களிடையே எஞ்சும் கூரிய விளிம்பு, முடியின் மேற்தோலை உராய்ந்து கெடுக்கும். ஆமையோடோ, முடியைப் போலவே கெரட்டின் வகைப் புரதம். ஆகவே மின்னேற்றம் குறைவு. பற்களை வாளால் அறுத்து, ஒவ்வொன்றாக மெருகிட்டனர். வெப்பத்தில் இளகுவதால் விரும்பியபடி வளைக்கவும் முடிந்தது.

கி.பி. முதலாம் நூற்றாண்டின் கிரேக்க வணிகக் கையேடான எரித்திரியக் கடல் வழிகாட்டி, இலங்கையின் விளைபொருட்களில் ஆமையோட்டையும் குறிப்பிடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் காலித் துறைமுகத்தில் இறங்கிய ஐரோப்பியர், கரையோரச் சிங்கள ஆடவர் கொண்டையில் பிறை வடிவ ஆமையோட்டுச் சீப்பு அணிந்திருந்ததைக் கண்டு அவர்களைப் பெண்கள் என மயங்கினர்.

இந்த அழகின் விலை என்ன? 1845 முதல் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1861இல் வெளியிட்ட இலங்கை இயற்கை வரலாற்று நூலில் அதை எழுதியுள்ளார். ஆமை இறந்து அழுகிய பின் தகடுகளை எடுத்தால் அவற்றின் நிறம் மங்கிவிடும். எனவே உயிருள்ள ஆமையை நெருப்பின் மேல் பிடித்து, தகடுகள் கழன்றதும் உரித்துக்கொண்டு கடலில் விட்டனர். யாழ்ப்பாணச் சந்தையில் உயிருள்ள ஆமையைத் துண்டு துண்டாக அறுத்து விற்றதையும் அவர் பதிவு செய்கிறார். யாழ்ப்பாணத்தவனான எனக்கு அந்தப் பக்கத்தைக் கடப்பது எளிதன்று. அந்நியர் எழுதியது என்று ஒதுக்கிவிடவும் மனம் ஒப்பவில்லை.

அதே நூலில் மற்றொரு செய்தியும் உண்டு. 1826இல் அம்பாந்தோட்டைக்கு அருகே பிடிபட்ட அழுங்காமையொன்றின் துடுப்பில் ஒரு வளையம் இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஒல்லாந்த அதிகாரி மாட்டிய வளையம் அது. பழகிய கரையைத் தேடி மீண்டும் வரும் இயல்பே அந்த உயிருக்கு எமனாயிற்று.

1870ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் ஹையட் சகோதரர்கள் செலுலாயிட்டை உருவாக்கினர். எளிதில் தீப்பற்றும் பொருளாயினும், ஆமையோட்டின் நிறத்தை அப்படியே காட்டியதால் மலிவான சீப்புகள் பெருகின. ஆயினும் ஓட்டு வணிகம் ஓயவில்லை. இலங்கையில் 1972இன் சட்டத் திருத்தம் கடலாமைகளுக்குப் பாதுகாப்பளித்தது. 1977இல் அழுங்காமை முழுவதும் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் சேர்ந்தது. பெருமளவு வாங்கிவந்த ஜப்பான் இறக்குமதியை நிறுத்தியது 1992இன் முடிவிலேயே. 1996 முதல் அழுங்காமை மிக அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது.

இன்று மெல்லிய முடிக்குச் சீப்பு தேடுவோருக்கு ஆமையோடு தேவையே இல்லை. மாட்டுக்கொம்பும் கெரட்டின்தான். மெருகிட்ட வேப்பமரச் சீப்பும் மின்னேற்றாது. பல்லின் நுனி மழுங்கியிருக்கிறதா, இடையே பிசிறு உள்ளதா என விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள். ஈர முடிக்கு அகன்ற பற்களே நல்லது. நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். பன்றிமயிர்ப் பிரஷ் வேண்டுமாயின் மிருதுவானதைத் தெரிந்து, அளவோடு பயன்படுத்துங்கள். மிகுதியாக வாரினால் எண்ணெய் இறங்கி முடி மீண்டும் படிந்துவிடும்.

பாட்டியின் ஆமையோட்டுச் சீப்பு சிலர் வீட்டில் இன்னும் இருக்கக்கூடும். புலம்பெயர் நாடுகளில் உள்ளோர் அதை விற்கவோ, அனுமதிப் பத்திரமின்றி எல்லை கடந்து கொண்டுசெல்லவோ முற்பட வேண்டாம். வீட்டிலேயே வைத்திருங்கள். அது எவ்வாறு செய்யப்பட்டது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.