அணித் தேவையும் ஆட்டக்காரர் தேர்வுக் கணிப்பும்

தொழில்முறை விளையாட்டு அணியொன்று அடுத்த பருவத்துக்குரிய புதிய ஆட்டக்காரர்களைச் சேர்த்துக்கொள்ளும் நாள் வருமுன்பே, அவ்வணியில் எந்த இடம் காலியாக இருக்கிறது, எந்த இடத்தில் இருப்பவர் முதுமையை நெருங்கிவிட்டார், எவருடைய ஒப்பந்தம் முடியும் தறுவாயில் உள்ளது என்பவற்றை ஆராய்ந்து, இன்னாரை அவ்வணி எடுக்கக்கூடும் என அனுமானித்து உரைப்பது தேர்வுக் கணிப்பு எனப்படும். அமெரிக்கக் கால்பந்தில் இதற்கு ‘மாக் டிராஃப்ட்’ என்று பெயர். இந்தியாவில் கிரிக்கெட், கபடி ஆகிய ஆட்டங்களின் ஏலத்தை ஒட்டி இது வளர்ந்துள்ளது. ஐ.பி.எல். ஏலம் நெருங்கும் நாட்களில், காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் வட்டாரத்தில், ஏரி வற்றிய கோடையில் அதன் தரையிலேயே டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகிய இளைஞர்கள், சென்னை அணிக்கு இடக்கை வேகப்பந்து வீச்சாளர் வேண்டுமா, தொடக்க ஆட்டக்காரர் வேண்டுமா என்று டீக்கடை பெஞ்சில் அமர்ந்து வாதிடுகின்றனரே, அதுவும் இக்கலையின்பாற்பட்டதே.

இதன் தாயகம் அமெரிக்கா. செல்வமுள்ள ஓரிரு அணிகளே கல்லூரிகளிலிருந்து வெளிவரும் சிறந்த இளைஞர்களை ஆண்டுதோறும் அள்ளிச் சென்றதனால் ஏனைய அணிகள் நலிவுற்றிருந்த நிலையில், பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளராக இருந்த பெர்ட் பெல் என்பார், முந்திய பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கே முதல் தேர்வுரிமை அளிக்கவேண்டும் என்று 1935இல் முன்மொழிந்தார். 1936 பிப்ரவரி 8ஆம் நாள் பிலடெல்பியா நகரத்து ஓட்டல் ஒன்றில், கரும்பலகையில் எழுதப்பட்ட ஏறத்தாழ 90 பெயர்களிலிருந்து 9 அணிகள் 9 சுற்றுகளில் தெரிவு செய்தன. இத்தெரிவே ‘டிராஃப்ட்’ எனப்படுவது. முதற்பெயராக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டம் ஒன்றிலும் கால் வைக்கவில்லை. மனிதனுடைய சுய விருப்பத்தை எந்தக் கணக்கும் முழுமையாக அடக்காது என்பதற்கு முதல் ஆண்டே பிரத்தியட்சப் பிரமாணமாயிற்று. இந்நாளில் 32 அணிகள் 7 சுற்றுகளில் தெரிவு செய்கின்றன. 1980 முதல் இந்நிகழ்ச்சி தொலைக்காட்சியில் ஒளிபரப்பப்பட்டு வருவதனாலும், 1984 முதல் மெல் கைப்பர் போன்றோர் அத்திரையில் தோன்றி முன்னுரைத்து வருவதனாலும், கணிப்பு தனியொரு தொழிலாகவே வேரூன்றிவிட்டது.

கணிப்போர் முதற்கண் நோக்குவது அணியின் ஆள்வரிசையை. 53 பேர் கொண்ட அமெரிக்க அணியில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக், அவரைக் காக்கும் தடுப்பு வரிசை, எதிரியின் குவார்ட்டர்பேக்கைத் துரத்துவோர் என ஒவ்வோர் இடத்துக்கும் முதலாமவர் யார், அவர் காயமுற்றால் அடுத்தவர் யார் என்று எழுதி, எவ்விடத்தில் இரண்டாம் பெயர் வலுவற்றிருக்கிறதோ அவ்விடத்தைக் குறையுடைய இடமாகக் கொள்வர். டிராஃப்ட் ஏப்ரலில் நடைபெறுவது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்களை விலைக்கு எடுக்கும் காலமோ மார்ச்சிலேயே தொடங்கிவிடுவது. ஆதலின் மார்ச்சில் ஓர் இடம் நிரம்பிவிட்டால் அதுவரை எழுதிய கணிப்பு அனைத்தும் திருத்தத்துக்குரியதாகும்.

ஆனால் தேவையை மட்டுமே பிரமாணமாகக் கொள்வது பெரும் பிழையில் கொண்டுபோய் விடும் என்பதை அந்நாட்டுச் சரித்திரமே காட்டுகிறது. 2005இல் கிரீன் பே பாக்கர்ஸ் அணியில் பிரெட் ஃபார்வ் என்னும் புகழ்வாய்ந்த குவார்ட்டர்பேக் இருந்தார். அவ்விடத்தில் அப்போது குறை ஏதும் இல்லை. எனினும் 24ஆம் தேர்வில் ஆரன் ராட்ஜர்ஸ் எஞ்சியிருக்கக் கண்டு அவரை எடுத்துக்கொண்டனர். மூன்று ஆண்டுகள் காத்திருந்து 2008இல் தலைமையாட்டக்காரரான அவர், 2010ஆம் பருவத்தில் அவ்வணிக்குச் சூப்பர் பவுல் என்னும் இறுதியாட்ட வெற்றியை ஈட்டித் தந்தார். இதற்கு நேர்மாறானது 1984இல் கூடைப்பந்தில் நிகழ்ந்தது. போர்ட்லாந்து அணி, தன்னிடம் கிளைட் டிரெக்ஸ்லர் இருப்பதனால் அதே இடத்துக்கு இன்னொருவர் வேண்டாம், உயரமான நடு ஆட்டக்காரரே வேண்டும் என்று கருதி சாம் போவியைத் தெரிந்தெடுத்தது. அடுத்த தேர்வில் மைக்கேல் ஜார்டன் சிகாகோவுக்குச் சென்றார்.

இந்தியாவிலும் இவ்வுண்மை முதல் ஆண்டிலேயே வெளிப்பட்டது. 2008இல் ஐ.பி.எல். தொடங்கியபோது முதிர்ந்த ஆட்டக்காரர்கள் ஏலத்தில் விடப்பட்டனராயினும், கோலாலம்பூரில் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்று திரும்பிய இளைஞர்கள், அமெரிக்க முறையை ஒட்டி, டிராஃப்ட் மூலமாகவே பங்கிடப்பட்டனர். முதல் தேர்வுரிமை டெல்லி அணிக்குக் கிடைத்தது. சேவாக், கம்பீர், தவான், டி வில்லியர்ஸ் என மட்டையாளர்கள் நிறைந்திருந்த அவ்வணி, தனக்கு வேண்டியது பந்து வீச்சாளரே என்று முடிவு செய்து, இடக்கை வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானைத் தெரிந்தது. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த விராட் கோலி பெங்களூருக்குப் போனார். அன்றைய ஆள்வரிசையைக் கையில் வைத்திருந்த எந்த விவேகியும் டெல்லியின் தேர்வைச் சரியாகவே முன்னுரைத்திருப்பார். கணிப்பு பலிப்பதும் தேர்வு நல்லதாயிருப்பதும் வெவ்வேறு விஷயங்கள் என்பதற்கு இதனினும் தெளிவான திருஷ்டாந்தம் கிடைப்பதரிது. தடைசெய்யப்பட்ட சென்னை, ராஜஸ்தான் அணிகளின் ஆட்டக்காரர்கள் சிலர் 2015 டிசம்பரில் புனே, குஜராத் என்னும் புதிய அணிகளுக்குப் பங்கிடப்பட்டபோதும் டிராஃப்ட் முறையே கையாளப்பட்டது. புனே முதலில் தோனியையும் குஜராத் அடுத்து ரெய்னாவையும் எடுத்தன. வெறும் அணியைப் புதிதாகக் கட்டுவோருக்குக் குறை என்பது எல்லா இடத்திலும் இருப்பதால், அங்கே தேவைக் கணக்குக்கு வேலையில்லை. தலைமையும் புகழுமே தீர்மானித்தன.

டிராஃப்டில் முறை வந்தவர் விரும்பிய பெயரைச் சொன்னால் போதும். ஏலத்திலோ எதிரில் இருப்போரின் விருப்பமும், மிச்சமிருக்கும் தொகையும், பெயர்கள் வரும் வரிசையும் குறுக்கிடுகின்றன. 2008 பிப்ரவரியில் மும்பையில் நடந்த முதல் ஏலத்தில் தோனியைச் சென்னை அணி 15 லட்சம் டாலருக்குப் பெற்றதை நோக்குக. சச்சின், டிராவிட் போன்ற ‘ஐகான்’ ஆட்டக்காரரை முன்னரே பெற்றிருந்த அணிகள், ஏலத்தில் தாம் தரும் மிகப் பெரிய விலைக்கு மேல் 15 சதவீதம் கூட்டி அவருக்குத் தரவேண்டியிருந்தமையால், தோனிக்கு விலையை ஏற்றினால் இருமடி பாரம் சுமக்கவேண்டியிருந்தது; அத்தகைய ஐகான் எவரும் இல்லாத சென்னைக்கு அப்பாரம் இல்லை. இந்த அனுகூலத்தை அறிந்து அவரை எடுத்துத் தந்தவர் தமிழ்நாட்டின் முன்னாள் தொடக்க ஆட்டக்காரர் வி. பி. சந்திரசேகர். அணியின் குறையை மட்டுமன்றி, அணியின் கையில் உள்ள பணத்தின் சுதந்திரத்தையும் கணிப்போர் எண்ணவேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

தேவையை வைத்துக் கணிக்கும் முறை எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதை 2024 நவம்பர் 24, 25 தேதிகளில் ஜெட்டாவில் நடந்த பெரிய ஏலம் நன்கு விளக்குகிறது. ஒவ்வோர் அணிக்கும் மொத்தம் 120 கோடி ரூபாய். 25 பேர் வரை, அவர்களுள் வெளிநாட்டார் 8 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். சென்னை அணி ருதுராஜ் கெய்க்வாட், ரவீந்திர ஜடேஜா ஆகியோரைத் தலா 18 கோடிக்கும், பதிரானாவை 13 கோடிக்கும், சிவம் துபேயை 12 கோடிக்கும், சர்வதேச ஆட்டத்தை விட்டு ஐந்தாண்டுகள் கடந்தோர் என்னும் விதியின்கீழ்த் தோனியை 4 கோடிக்கும் தக்கவைத்துக்கொண்டு, 55 கோடியுடன் ஏலத்துக்குச் சென்றது. ஆள்வரிசையை எழுதிப் பார்த்தோர்க்கு அப்போதே நான்கு குறைகள் புலப்பட்டன: ருதுராஜுக்குத் துணையான தொடக்க ஆட்டக்காரர், தீபக் சாஹர் விடுவிக்கப்பட்டதனால் புதுப் பந்தைக் கையாளத்தக்க இந்திய வேகப்பந்து வீச்சாளர், சேப்பாக்கத்து மண்ணில் ஜடேஜாவுடன் இணைந்து வீசும் சுழற்பந்து வீச்சாளர், நடுவரிசையை நிலைநிறுத்தும் மட்டையாளர். இவற்றுள் முதல் மூன்றும் அணியினரால் ஐயத்துக்கிடமின்றி நிரப்பப்பட்டன. கான்வே 6.25 கோடிக்கும், கலீல் அகமது 4.80 கோடிக்கும், அஸ்வின் 9.75 கோடிக்கும் வந்தனர். ரச்சின் ரவீந்திராவை, பழைய ஆட்டக்காரரை ஏலத்தில் கேட்கப்பட்ட விலைக்கே திரும்பப் பெறும் ஆர்.டி.எம். உரிமையால் 4 கோடிக்கு மீட்டுக்கொண்டனர்.

நூர் அகமதுவின் ஏலம் தனியே நினைக்கத்தக்கது. இடக்கையால் மணிக்கட்டைச் சுழற்றி வீசும் அந்த ஆப்கானிய இளைஞரைச் சென்னை 5 கோடிக்கு வென்றதும், அவருடைய பழைய அணியான குஜராத் தன் ஆர்.டி.எம். உரிமையைப் பயன்படுத்த எழுந்தது. புதிய விதிப்படி வென்ற அணி கடைசியாக ஒருமுறை விலையை உயர்த்தலாம்; சென்னை ஒரே சொல்லில் அதை 10 கோடியாக்கியது; குஜராத் விலகிக்கொண்டது. தேவை என்பது உள்ளத்தில் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதை அந்த இரட்டிப்பே அளந்து காட்டிற்று. அவர் 2025ஆம் பருவத்தில் 24 விக்கெட்டுகள் வீழ்த்தி, அந்த நம்பிக்கையை முழுவதும் மெய்ப்பித்தார்.

ஆயினும் அணி வென்றதா? 14 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடத்தை அடைந்தது. எல்லோரும் எதிர்பார்த்த அஸ்வின் 9 ஆட்டங்களில் 7 விக்கெட்டுகளே எடுத்தார். நான்காவது குறையாகிய நடுவரிசை, குறையாகவே நின்றுவிட்டது. ருதுராஜ் காயமுற்று விலகிய பின்னர் இடையில் சேர்க்கப்பட்டு அணியின் மட்டைக்கு உயிரூட்டிய ஆயுஷ் மாத்ரே, டெவால்ட் பிரெவிஸ் ஆகிய இருவரும் ஜெட்டாவில் எவராலும் ஏலம் கேட்கப்படாது விடப்பட்டவர்கள் என்பது கணிப்போரும் அணியினரும் ஒருங்கே சிந்திக்கவேண்டிய செய்தி.

கபடியிலும் இதே நிலைதான். 2022இல் தமிழ் தலைவாஸ் அணி, தனக்கு முதன்மையான ரெய்டர் இல்லாக் குறையைத் தீர்க்கப் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தது. அவரோ முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயமுற்று விலகினார். அவ்விடத்தை ஏற்ற இளைஞர் நரேந்தர் 200க்கு மேற்பட்ட ரெய்டு புள்ளிகள் ஈட்ட, அணி முதன்முறையாக அரையிறுதிக்குச் சென்றது.

விளையாட்டுக்கு வெளியேயும், இடத்துக்குரிய தகுதியை முன்னரே வகுத்து, ஆளைப் பின்னரே காணும் சம்பிரதாயத்துக்குத் தமிழகத்தில் பழைய சாட்சியாக நிற்பவை, உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் பொறிக்கப்பட்டுள்ள முதலாம் பராந்தக சோழனின் சாசனங்களே. 919இல் வகுக்கப்பட்டு 921இல் திருத்தப்பட்ட அவ்விதிகளின்படி, உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் குடும்பு எனப்படும் 30 வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கால் வேலிக்கு மேல் இறைகட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், 35க்கு மேல் 70க்குள் வயதும், வேத ஞானமும் உடையோர் பெயர்களே ஓலையில் எழுதப்பட்டன. முந்திய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தோரும், கணக்குக் காட்டாதோரும், அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். பிராமண ஆடவர்க்குள்ளேயே அடங்கிய இம்முறையை இன்றைய ஜனநாயகத்தோடு ஒன்றாக வைத்துப் பேசுவது பொருந்தாது. ஆனால் தேர்வு முறை என்ற அளவில் அது நுட்பமானது. மகாசபை கூடியிருக்க, கோயிற் பூசகரான நம்பிமார்களுள் மூத்தவர் அவ்வோலைகள் இட்ட குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிக்க, உள்ளிருப்பது யாதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்துத் தர, அதனை வாங்குபவர் ஐந்து விரலும் விரித்த கையில் ஏற்று வாசிப்பார். இவ்வாறு குடும்புக்கு ஒருவராக வந்த 30 பேரில், தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் முன்பு பணியாற்றியோரும் கல்வியிலும் வயதிலும் மூத்தோருமான 12 பேர் சம்வத்சர வாரியம் எனப்படும் ஆண்டு வாரியத்துக்கும், எஞ்சியோரில் 12 பேர் தோட்டத்துக்கும், 6 பேர் ஏரிக்கும் வைக்கப்பட்டனர். எத்தகையோர் எவ்விடத்துக்கு வருவர் என்பதை அவ்வூரார் ஒவ்வொருவரும் முன்கூட்டியே சொல்லியிருக்கக்கூடும்; எவர் என்பதை ஒருவரும் சொல்லியிருக்க முடியாது. பாரபட்சத்தைத் தடுக்கும் பொருட்டு அவ்வறியாமை வேண்டுமென்றே அமைக்கப்பட்டது என்பதே இச்சாசனத்தின் பெருமை.

விளையாட்டு ஏலத்தில் அவ்வறியாமை எவரும் அமைத்ததன்று. எனினும் அதன் எல்லை ஏறத்தாழ அதே இடத்தில்தான் விழுகிறது. 2025 நவம்பரில் சென்னை அணி ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துச் சஞ்சு சாம்சனைப் பெற்றுக்கொண்டபோது, இடக்கையால் சுழற்பந்து வீசி மட்டையும் பிடிக்கவல்ல ஒருவரை அது தேடும் என்பது கிரிக்கெட்டைச் சற்றே கவனிப்போர் அனைவருக்கும் தெரிந்திருந்தது. டிசம்பர் 16ஆம் நாள் அபுதாபியில், இந்தியாவுக்கு ஒருமுறையும் ஆடியிராத உத்தரப் பிரதேச இளைஞர் பிரசாந்த் வீரை அவ்விடத்துக்கென 14.20 கோடிக்கு அது எடுத்தது. அதே நாளில் அதே விலைக்கு, இன்னோர் இளைஞரான விக்கெட் கீப்பர் கார்த்திக் சர்மாவையும் எடுத்தது. அனுபவமிக்கோரையே நாடும் அணி என்று பதினெட்டு ஆண்டுகளாகப் பெயர்பெற்றிருந்த சென்னையின் அடுத்த ஏலத்தைக் கணிக்க விரும்புவோர், இனி அணியின் குறையோடு அதன் மாறிவரும் மனப்போக்கையும் சேர்த்தே கணக்கில் கொள்ளவேண்டியிருக்கும்.