பாகவதமேளமும் நிலமும்: மெலட்டூர் ஆற்றுகை மரபு பற்றிய ஒரு சமுதாயவியல் நோக்கு

கலைவடிவம் ஒன்றின் தொன்மையைப் போற்றுவதும் அதன் வரலாற்றை விளங்கிக்கொள்வதும் ஒன்றல்ல. பாகவதமேளம் பற்றி எழுதியோருட் பலர் அதனைப் பக்தியின் தூய வெளிப்பாடாகவும் நாட்டிய சாத்திரத்தின் அறாத் தொடர்ச்சியாகவுமே கண்டனர். அப்பக்தியைத் தாங்கிநின்ற நிலம் யாருடையது, அந்நிலத்தில் உழைத்தோர் யாவர் என்னும் வினாக்கள் எழுப்பப்பட்டமை அரிது. தஞ்சாவூருக்கு அண்மையிலுள்ள மெலட்டூரின் பாகவதமேளத்தை இவ்வினாக்களின் அடிப்படையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

பதினாறாம் நூற்றாண்டில் தஞ்சையில் நாயக்கராட்சி நிலைபெற்றதோடு, தமிழ் உழவரின் உழைப்பில் வாழ்ந்த அரசவையின் மொழியாகத் தெலுங்கு அமைந்தது. அச்சுதப்ப நாயக்கர் 510 பிராமணக் குடும்பங்களுக்கு வீடும் நிலமும் மானியமாக அளித்தாரென்றும், அவர் பெயரால் மெலட்டூர் அச்சுதபுரம் எனப்பட்டதென்றும் மரபு கூறும். எண்ணிக்கை எவ்வாறாயினும், மானிய நிலமே இவ்வூர்க் கலையின் பொருளாதார அடித்தளம் என்பதை அம்மரபே ஒப்புக்கொள்கின்றது.

விசயராகவ நாயக்கர் காலத்திலும், அவருக்குப்பின் மராத்திய மன்னர் சகசியின் காலத்திலும் தெலுங்கு யட்சகானம் அரசவையிற் செழித்தது. அவ்வடிவத்தை ஊர்க்கோயிலின் முன்றிலுக்குரியதாக்கியவர்களுள் தலையாயவர் மெலட்டூர் வேங்கடராம சாத்திரியார். தியாகராசரின் காலத்தை ஒட்டி வாழ்ந்த இவர் பிரகலாத சரித்திரம், அரிச்சந்திரன், உஷா பரிணயம், ருக்மாங்கதன், மார்க்கண்டேயன் முதலிய நாடகங்களை இயற்றினார்.

1799இல் ஆட்சியதிகாரம் கிழக்கிந்தியக் கம்பனியின் கைக்குச் சென்றது. 1855இல் அரசமரபும் முடிவுற்றது. அரசவை வீழ்ந்தபோது அரசவை யட்சகானமும் உடன்வீழ்ந்தது. பாகவதமேளமோ வீழவில்லை. முன்னது அரண்மனைக் கருவூலத்தை நம்பியிருந்தது. பின்னது நிலத்தில் வேரூன்றியிருந்தது. இவ்வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது.

2

வைகாசியில் நரசிம்ம சயந்தியையொட்டி, வரதராசப் பெருமாள் கோயிலின் எதிரே, தெருவில் அமைக்கப்படும் அரங்கில் இரவில் தொடங்கும் ஆற்றுகை விடியும்வரை நீளும். எழுந்தருளச் செய்யப்பட்ட இறைவனே முதற்பார்வையாளன். ஊரார் அவனுக்கு அடுத்தவரே.

முதலிற் கோணங்கி தோன்றி ஆடிக் கூட்டத்தை அமைதிப்படுத்துவான். பாகவதர்கள் தோடயமங்களம் பாடியபின், யானைமுக முகமூடியணிந்த சிறுவன் பிள்ளையாராக வந்து ஆசி வழங்குவான். கட்டியகாரன் அறிவிக்க, ஒவ்வொரு பாத்திரமும் தனக்குரிய பிரவேசத் தருவுக்கு ஆடியவாறே அரங்கேறும். நட்டுவாங்கமும் மத்தளமும் சொற்கட்டுகளைக் கொண்டுசெல்ல, பாகவதர் பாடும் தருவுக்கு நடிகர் அபிநயம் பிடிப்பர். இடையிடையே தாமே வசனமும் பேசுவர். நடிகர் அனைவரும் ஆடவர். இன்ன வேடம் இன்ன குடும்பத்துக்கு உரியது என்னும் வழக்கம் நிலவுரிமையைப்போலவே தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியது.

பிரகலாத சரித்திரத்தில் நாடகத்தின் உணர்ச்சிச் சுமையைத் தாங்குபவள் இரணியனின் மனைவி லீலாவதி. கணவனது ஆணைக்கும் மகனது உயிருக்குமிடையே அகப்பட்ட அத்தாயின் துயரை ஆடவன் ஒருவன் மணிக்கணக்கில் அபிநயித்து நிற்பதே இவ்வாற்றுகையின் உச்சக் கலைச் சாதனை எனலாம். இறுதியில் வருவது கலையன்று, சடங்கு. கோயிலில் வைத்துப் பூசிக்கப்படும் நரசிம்ம முகமூடியை அணிபவர் நோன்பிருந்தே அதனை ஏற்பார். அணிந்ததும் ஆவேசமுற்றுப் பாய்வார். பலர் அவரைப் பற்றி இழுத்துப் பிடிப்பர். இரணியனும் நரசிம்மமும் எதிரெதிர் நின்று வாதிடுவர். எனினும் இரணியனின் உடல் கிழிக்கப்படுவது நடித்துக் காட்டப்படுவதில்லை.

3

அரசனையும் தந்தையையும் ஒருங்கே எதிர்க்கும் சிறுவனின் கதையை நிலவுடைமையாளர் ஆண்டுதோறும் ஆடியமை முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றலாம். ஆயின் இரணியனது குற்றம் கொடுங்கோன்மை மாத்திரமன்று. தனக்கு மேலொரு தலைவனை ஏற்க மறுத்ததே அவன் பெருங்குற்றம். பிரகலாதனின் எதிர்ப்பு ஆண்டான் அடிமை உறவை மறுப்பதில்லை. அதனை மேலும் உயர்ந்த ஓர் ஆண்டானிடம் கொண்டு சேர்க்கின்றது. எதிர்ப்புணர்வுக்கு இடமளித்து, அதே வேளையில் அதற்கு எல்லையும் வகுப்பது பக்தியின் இருமைத்தன்மையாகும்.

இவ்வெல்லை கதையில் மட்டுமன்றி வெளியிலும் வரையப்பட்டிருந்தது. அக்கிரகாரத் தெரு எல்லோருக்கும் உரிய தெருவன்று. அரங்கைத் தாங்கிய நெல்லை விளைவித்த பண்ணையாள் அத்தெருவில் நடமாட இயலாத நிலை நெடுங்காலம் நீடித்தது. அவனது மொழியும் அரங்கில் ஒலிக்கவில்லை. எனினும் கதை அக்கிரகாரத்துக்கே உரியதாக அடங்கிவிடவில்லை. இதே தஞ்சைப் பகுதியில் ஆர்சுத்திப்பட்டு முதலிய ஊர்களில் இரணிய நாடகம் தமிழிற் கூத்தாக ஆடப்பட்டது. 1934இல் பாரதிதாசனின் ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ இரணியனையே தலைவனாக்கிக் கதையைத் தலைகீழாக்கியது. பின்னர் அரசாங்கத்தின் தடைக்கும் உள்ளாயிற்று. ஒரே புராணம் மூன்று வர்க்க, சமூக நிலைகளிலிருந்து மூன்று வகையாகப் பேசியது.

4

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலக் கல்வியும் அரசாங்க உத்தியோகமும் அக்கிரகாரத்தை நகரங்களை நோக்கி ஈர்த்தன. பாரதம் நடேச ஐயர் போன்றோரின் தனிமுயற்சியாலேயே ஆற்றுகை உயிர்தரித்தது. இடையிடையே தடைப்படவும் செய்தது. நடன மறுமலர்ச்சிக்கு உழைத்த ஈ. கிருஷ்ண ஐயர் பாகவதமேளத்தை வெளியுலகின் கவனத்துக்குக் கொணர்ந்தார். தேவதாசியர் வளர்த்த ஆடலுக்கு ‘மதிப்பு’த் தேடிய நகர மத்தியதர வர்க்கத்துக்கு, பிராமண ஆடவர் ஆடிய இவ்வடிவம் வாய்ப்பான சான்றாக அமைந்தது என்பதையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். 1952இன் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், தொடர்ந்து வந்த நில உச்சவரம்பு, இனாம் ஒழிப்புச் சட்டங்களும் பழைய நிலவுறவைத் தளர்த்தின. அத்தளர்ச்சி எளிதில் நிகழவில்லை என்பதற்கு 1968 டிசம்பர் 25இல் கீழவெண்மணியில் எரிக்கப்பட்ட 44 உயிர்களே சான்று.

நிலத்தின் பிடி தளர்ந்தபின்னும் பாகவதமேளம் அழியவில்லை. மெலட்டூரில் இன்று இரு குழுக்கள் அதனை ஆடுகின்றன. நகரங்களில் உத்தியோகம் பார்ப்போர் விடுப்பெடுத்து வந்து வேடம் புனைகின்றனர். மானியத்தின் கடமையாக இருந்தது தன்விருப்பின் நோன்பாகியுள்ளது. அடித்தளம் மாறினால் கலை உடனே மறையும் என இயந்திரரீதியாகக் கருதுவோருக்கு மெலட்டூர் ஒரு மறுப்பு. கலைக்கு அடித்தளமே இல்லை என்போருக்கும் அதுவே மறுப்பு.

லீலாவதியின் துயர் அக்கிரகாரத்துக்கு மட்டும் உரியதன்று. அதனைப் பேணுவது நம் கடமையெனில், அத்துயரை நெடுங்காலம் தெருவுக்கு வெளியே நிறுத்திவைத்த வரலாற்றையும் சேர்த்தே பேணுதல் வேண்டும்.