கேரளாவில் மழை, தேனியில் நெல்: கம்பம் பள்ளத்தாக்கும் அதன் சந்தை ஊரும்... முழு விவரம்!

கேரளாவில் மழை வலுத்தால் தேனி விவசாயிகள் முதலில் கேட்பது, "முல்லைப் பெரியாறு அணை எத்தனை அடி?" என்பதைத்தான். பக்கத்து மாநிலத்து அணையின் நீர்மட்டத்தை ஒரு மாவட்டமே ஏன் தினமும் கவனிக்கிறது? அதற்கான பதில் இந்த மாவட்டத்தின் புவியியலில் இருக்கிறது.

தேனி எங்கே இருக்கிறது?

மேற்கே கேரளாவின் இடுக்கி மாவட்டத்தை ஒட்டிய மேற்குத் தொடர்ச்சி மலை. இன்னொரு பக்கம் மேகமலை, வருசநாட்டு மலைகள். நடுவில் நீண்டு கிடப்பதுதான் கம்பம் பள்ளத்தாக்கு. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என ஊர்கள் வரிசையாக வரும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று மலைப்பாதைகள் கேரளாவுக்குப் போகின்றன.

மதுரை மாவட்டத்தைப் பிரித்து 1996-ல் தேனி மாவட்டம் உருவானது. தேனி, பெரியகுளம், ஆண்டிபட்டி, உத்தமபாளையம், போடிநாயக்கனூர் என 5 தாலுகாக்கள். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை சுமார் 12.46 லட்சம்.

மலை பக்கத்திலேயே இருந்தும் தண்ணீர் பஞ்சம் ஏன்?

தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். இந்தப் பக்கம் வருவது காற்றும் சாரலும்தான். இதைத்தான் மழை மறைவுப் பகுதி என்கிறார்கள்.

இந்த நிலையை மாற்றியது முல்லைப் பெரியாறு அணை. 1886-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் 999 ஆண்டு குத்தகை ஒப்பந்தம் போடப்பட்டது. ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் பென்னிகுவிக் தலைமையில் கட்டப்பட்ட அணை, 1895-ல் திறக்கப்பட்டது. மேற்கே ஓடிய தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பியது. கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கரில் இருபோக நெல் சாகுபடி இந்தத் தண்ணீரை நம்பித்தான் நடக்கிறது. மீதி வைகையில் சேர்ந்து மதுரை, ராமநாதபுரம் வரை போகிறது. லோயர்கேம்பில் பென்னிகுவிக்குக்கு மணிமண்டபம் இருப்பதும், ஜனவரி 15-ல் அவர் பிறந்தநாளுக்கு ஊர்களில் பொங்கல் வைப்பதும் சும்மா இல்லை.

142 அடி சர்ச்சை என்ன?

அணையின் முழு நீர்மட்டம் 152 அடி. பாதுகாப்பு குறித்த அச்சத்தால் 1979-ல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பிறகு, 2014 மே மாதம் 142 அடி வரை தேக்கலாம் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேரளா புதிய அணை கேட்கிறது. தமிழ்நாடு 152 அடி கேட்கிறது. தேனிக்காரர்களுக்கு இது வெறும் வழக்கு அல்ல, இரண்டாம் போகம் விளையுமா விளையாதா என்ற கேள்வி.

தேனி எப்படி சந்தை ஊரானது?

ஒரு காலத்தில் பெரியகுளத்தைவிடச் சின்ன ஊர் தேனி. அல்லிநகரத்தோடு சேர்ந்துதான் இன்றும் நகராட்சியின் பெயர் 'தேனி-அல்லிநகரம்'. ஆனால் மதுரை, திண்டுக்கல், குமுளி, போடி என நாலு பக்கச் சாலைகளும் இங்கேதான் சந்திக்கின்றன. மலைச் சரக்கும் சமவெளிச் சரக்கும் கைமாற இதைவிடத் தோதான இடம் ஏது? வாரச்சந்தை பெருத்தது, ஊரும் பெருத்தது. மாவட்டம் பிரிந்தபோது தலைநகரமும் தேனியே ஆனது.

ஏலக்காய்க்குப் போடிநாயக்கனூர். இடுக்கி தோட்டங்களில் விளையும் ஏலக்காய் இங்கே ஏலத்துக்கு வருகிறது. அந்தத் தோட்டங்களுக்கு விடியற்காலையிலேயே ஜீப்பில் வேலைக்குப் போவது தேனி மாவட்டத் தொழிலாளர்கள். அணை விவகாரத்தில் பதற்றம் வந்தால் முதலில் அடிபடுவது இவர்கள் கூலிதான். கம்பம் பகுதியின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ரயில் வந்துவிட்டதா?

1928-ல் வந்த மதுரை - போடி ரயில், அகலப்பாதை பணிக்காக 2010 இறுதியில் நின்றது. தேனிக்கு மீண்டும் ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன். 12 வருஷக் காத்திருப்பு அது. தண்டவாளம் போடியோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே மலைதான். ஏலக்காய் மூட்டையும் கூலி ஆளும் இன்னமும் சாலை வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும்.