போலித் தொழில்நுட்ப உதவி மோசடி

போலித் தொழில்நுட்ப உதவி மோசடி என்பது, பெயர்பெற்ற கணினி நிறுவனத்தின் ஊழியராக நடித்து, பழுதில்லாத கணினியில் பழுது உண்டென்று நம்பவைத்துப் பணம் பறிக்கும் குற்றமாகும். மைக்ரோசொப்ட்டின் பெயரே இதற்குப் பெரிதும் பயன்படுத்தப்பட்டு வந்துள்ளது.

வரலாறு

இம்மோசடி 2008 அளவில் பதிவாகத் தொடங்கியது. கொல்கத்தா முதலிய இந்திய நகரங்களின் அழைப்பு நிலையங்களிலிருந்து பிரித்தானியா, அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் வீடுகளுக்கு அழைப்புகள் சென்றன. 2012 ஒக்டோபரில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு இக்கும்பல்கள்மீது ஆறு வழக்குகளை அறிவித்தது. பின்னர் உத்தி மாறியது. தேடுபொறி விளம்பரங்களாலும், திரை முழுவதையும் மறைக்கும் பொய் எச்சரிக்கைகளாலும் பயமுறுத்தி, பாதிக்கப்படுபவரையே அழைக்க வைத்தனர். 2016 மே மாதம் பிங் தேடுபொறி இத்தகைய மூன்றாந்தரப்பு உதவிச் சேவை விளம்பரங்களைத் தடைசெய்தது. 2017 மார்ச்சில் பிரித்தானியாவின் டோக்டோக் நிறுவனம் மோசடிக்காரர் பயன்படுத்திய டீம்வியூவர் என்னும் தொலைநிலை மென்பொருளைத் தன் இணையச் சேவையில் தற்காலிகமாக முடக்கியது. 2023 ஒக்டோபரில் இந்திய மத்தியப் புலனாய்வுப் பிரிவு ‘ஒப்பரேஷன் சக்ரா-2’ நடவடிக்கையில் 76 இடங்களில் தேடுதல் நடத்தியது.

செயல்முறை

மோசடிக்காரர் விண்டோஸின் ‘இவென்ட் வியூவர்’ பட்டியலைத் திறக்கச் சொல்வார். நல்ல நிலையிலுள்ள கணினியிலும் அதில் சிவப்பு, மஞ்சள் குறிகள் நிறைந்திருக்கும். அவற்றையே வைரஸ் என்பார். அடுத்து, 888 எனத் தொடங்கும் நீண்ட குறியீட்டை வாசித்து, “இது உங்கள் கணினியின் தனி இலக்கம், சரிபாருங்கள்” என்பார். அக்குறியீடு எல்லா விண்டோஸ் கணினிகளிலும் ஒன்றே. ஆகவே இதில் சிக்குவோரை அறியாமை உடையோர் என்பது தவறு. கண்முன் காட்டப்பட்ட சான்றையே அவர்கள் நம்புகிறார்கள். நம்பிக்கை பிறந்ததும் எனிடெஸ்க் போன்ற தொலைநிலை மென்பொருளை நிறுவச் செய்து, இணையவழி வங்கிக் கணக்கினுள் நுழைய வைப்பர்.

அடையாளமும் எதிர்வினையும்

உண்மையான நிறுவனம் தானாக அழைத்து வைரஸ் உண்டென்று சொல்வதில்லை. அதன் எச்சரிக்கைச் செய்தியில் தொலைபேசி இலக்கமும் இருக்காது. அவசரப்படுத்துவதும், பரிசு அட்டையாகப் பணம் கேட்பதும் உறுதியான அறிகுறிகள். அழைப்பைத் துண்டிக்க வேண்டும். திரை முடங்கினால் ‘டாஸ்க் மேனேஜர்’ வழியாக உலாவியை மூடலாம். அனுமதி கொடுத்துவிட்டால் முதலில் இணைய இணைப்பைத் துண்டித்து, வங்கிக்கு அறிவித்து, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். பின்னர் அந்தத் தொலைநிலை மென்பொருளை நீக்கி, கணினியை முழுமையாகச் சோதிக்க வேண்டும். வெட்கப்பட்டு மறைப்பது கும்பலுக்கே உதவும்.

இலங்கையில்

அனுமதியின்றிக் கணினியை அணுகுவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்கீழ் தண்டனைக்குரியது. பாதிக்கப்பட்டோர் தம் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் முறையிடலாம். இலங்கை கணினி அவசரத் தயார்நிலைக் குழுவை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். 2024 ஜூனில் நீர்கொழும்பு முதலிய இடங்களில் இணைய நிதி மோசடி தொடர்பில் இந்தியர் பலர் கைதாயினர்.