வானொலிப் பெட்டியும் கைத்தொலைபேசி விளையாட்டும்

புதிதாகத் தோன்றிய பொழுதுபோக்குக் கருவி எதுவும் பழிச்சொற் கேளாது வந்ததில்லை. இன்று பாலையூற்றின் ஒழுங்கைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் பிள்ளைகள் கைத்தொலைபேசி விளையாட்டில் மூழ்கியிருத்தலைக் கண்டு பெற்றோர் வருந்துகின்றனர். அவ்வருத்தம் பொருளற்றதன்று. ஆயினும், இதனையொத்த வழக்கொன்று முன்னரும் எழுந்தது. அதன் நடுவே நின்றது நம் இலங்கை வானொலியே. அவ்வரலாற்றை நோக்குதல் நமக்குப் பயன்தரும்.

இலங்கையில் ஒலிபரப்பு, தந்தித் துறைப் பொறியியலாளராகிய எட்வேட் ஹாப்பர் 1923இல் நடத்திய பரிசோதனைகளோடு தோன்றி, 1925 திசெம்பர் 16ஆம் நாள் ஒழுங்கான சேவையாயிற்று. இரண்டாம் உலகப் போரின் பயனாக நேச நாட்டுப் படையினர்க்கென அமைந்த வலிமைமிக்க நிலையம் 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950 செப்ரெம்பர் 30ஆம் நாள் வர்த்தக ஒலிபரப்பும் தொடங்கிற்று.

அக்காலத்திலே அயல்நாடாகிய இந்தியாவில் நிகழ்ந்தது யாது? அகில இந்திய வானொலி, இந்திய இசைக்கு ஒவ்வாதெனக் கருதி ஆர்மோனியத்தை 1940இல் விலக்கிற்று. அவ்விலக்கு 1971வரை நீடித்தது. 1952இல் ஒலிபரப்புத் துறை அமைச்சராகிய பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்கள் சுவையைக் கெடுக்குமென எண்ணி அவற்றை மிகவும் குறைத்தார். சாத்திரிய இசை வளரவேண்டுமென்ற அவர் நோக்கம் தீயதன்று. ஆனால் நேயர்கள் பாட்டைத் துறந்தாரல்லர். பெட்டியின் முள்ளைக் கொழும்பின் பக்கம் திருப்பினர். அவ்வாண்டிலேயே இலங்கை வானொலியிற் தொடங்கிய ‘பினாக்கா கீத்மாலா’ வடவிந்தியர் உள்ளத்தைக் கவர்ந்தது. தமிழகத்தாரும் நம் தமிழ்ச் சேவையை விரும்பிக் கேட்டனர். 1954இல் திரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தமை, மின்சாரமில்லாத வீடுகளுக்கும் பாட்டுச் செல்ல வழிதிறந்தது. ஈற்றில் இந்திய அரசே 1957 ஒக்ரோபர் 3ஆம் நாள் ‘விவித பாரதி’யைத் தொடங்கிப் பாடல்களுக்கு இடமளிக்க நேர்ந்தது.

தடை வேட்கையை அழிப்பதில்லை. அதனைப் பிறர் வாயிலுக்கு அனுப்பிவிடுகின்றது என்பதே இதனால் அறியப்படும் முதலுண்மை. இவ்வுண்மை இன்றும் மாறவில்லை. 2020 செப்ரெம்பரில், நாட்டுப் பாதுகாப்பைக் காரணங்காட்டி இந்திய அரசு பப்ஜி விளையாட்டைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டிலேயே அது வேறு பெயர் பூண்டு அந்நாட்டுக்கு மீண்டது.

இரண்டாமுண்மை இதனினும் பெரிது. திரைப்பாடல்கள் சென்னையிலிருந்து வந்தனவாயினும், பாடலுக்கும் பாடலுக்கும் இடையே ஒலித்த தமிழ் நம்முடையதாயிருந்தது. எஸ்.பி. மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளர் குரலும், சானா எனப் பெயர்பெற்ற சண்முகநாதன் வளர்த்த வானொலி நாடகமும் ஈழத்துப் பேச்சுக்குப் பெருமை தேடித்தந்தன. பழிக்கப்பட்ட பெட்டி நம் செல்வமாயினமைக்குக் காரணம், அதனுள் நம்மவர் உழைப்புப் புகுந்தமையே.

வானொலியும் கைத்தொலைபேசியும் முற்றும் ஒத்தனவல்ல என்பது மெய்யே. வானொலியை வீட்டார் யாவரும் ஒருங்கிருந்து கேட்டனர், விளையாட்டோ பிள்ளையைத் தனிமைப்படுத்துகின்றது, உறக்கத்தையும் கவர்கின்றது. இதற்கு நேரவரம்பு வேண்டும். ஆயினும் வரம்பிடுதலோடு நம் கடமை முடிந்ததென எண்ணலாகாது. நம் பிள்ளைகள் ஆடும் விளையாட்டுக்களிற் பெரும்பாலானவற்றில் தமிழ் ஒலிப்பதில்லை. நம் ஊரும் உணவும் கதையும் அவற்றில் இல்லை. உண்மையிற் கவலைகொள்ளத்தக்கது இதுவே.

இக்குறை தீராததன்று. கனடாவின் ரொறன்ரோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் என்னும் நிறுவனம் 2023இல் ‘வெண்பா’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. புலம்பெயர்ந்த தமிழ்த் தாயொருத்தி, பழுதடைந்த சமையற் குறிப்பேட்டைக் கொண்டு தாய்வழிச் சமையலை மீட்பதே அதன் கதை. 2024இல் அது பிரித்தானியாவின் பாவ்ரா விருதையும் பெற்றது. இட்டலியும் தாய்மொழியும் உலகத்தார் விரும்பும் விளையாட்டாகுமெனின், திருகோணமலைத் துறைமுகத்தின் நெடிய வரலாறு ஏன் ஆகலாகாது?

ஆதலால், பெற்றோரும் ஆசிரியரும் ‘விளையாடாதே’ என்பதோடு நில்லாது, ‘நீ ஆடுவதை ஆக்கியவர் யார், நீயும் ஒன்று ஆக்குவாயோ’ என வினவுதல் வேண்டும். ஒலிவாங்கியின் முன் நின்ற நம்மவர் வானொலியைத் தமிழாக்கினர். கணினியின் முன் அமரும் நம் மாணவரும் அவ்வாறு செய்வாராக.