மறையூர் உருண்டையும் பர்மிங்காம் பால்டியும்

வெளியூர்க்காரர்களுக்கு மறையூர் என்றால் சந்தனம். ஆனால் நிற்கிற சந்தன மரம் மணக்காது, மணமெல்லாம் உள்வைரத்தில்தான். அந்த மரங்களும் வனத்துறையின் வேலிக்குள் நிற்கின்றன. உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு காடு வழியாக மூணாறு போகும் பேருந்தில் வருபவரின் மூக்கைத் துளைப்பது கரும்புப் பாகு கொதிக்கிற வாசனை.

இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தில், ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில் கிடக்கும் பள்ளத்தாக்கு இது. மறையூர், காந்தல்லூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்ற ஐந்து ஊர்களைச் சேர்த்து அஞ்சுநாடு என்பார்கள். தங்கள் முன்னோர் மதுரைச் சீமையின் குழப்பங்களுக்குத் தப்பி மலையேறி வந்தவர்கள் என்று அஞ்சுநாட்டு வேளாளர்கள் சொல்லி வருகிறார்கள். அவர்களுக்கு எத்தனையோ காலம் முன்பே இங்கே மனிதர் வாழ்ந்ததற்கு முனியறைகள் சாட்சி. பாறைமேல் கற்பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பலகையை மூடிபோல் வைத்த பெருங்கற்காலக் கல்லறைகள் அவை.

1877இல் பூஞ்சாறு அரசர் ஜான் டேனியல் மன்றோவுக்குக் குத்தகைக்கு விட்ட மலைப்பகுதியின் பெயரிலேயே அஞ்சுநாடும் இருந்தது. மூணாறுப் பக்கம் தேயிலை பரவியது. மழைமறைவில் கிடந்த மறையூரிலோ நெல்லும் கேழ்வரகும் விளைந்தன. பின்னாளில் அந்த வயல்களில் கரும்பு வந்து உட்கார்ந்தது. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைக் கேட்டுத் தமிழர்கள் போராடியும், 1956இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது அவை கேரளத்தோடு சேர்ந்தன. இந்தப் பள்ளத்தாக்கில் ஓடும் பாம்பாறு மட்டும் அந்தப் பிரிவினையைக் கண்டுகொள்ளவில்லை. இன்றும் கிழக்கே தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கி அமராவதிக்குத்தான் போகிறது.

சமவெளியைப் போல் ஒரே பருவத்தில் வெட்டி முடிக்கிற கரும்பு இல்லை இது. ஒரு வயலில் நடவு, பக்கத்து வயலில் வெட்டு என்று வருடம் முழுக்க வேலை ஓடுகிறது. அதனால் ஏதாவது ஒரு வெல்லக் கொட்டகையில் எப்போதும் அடுப்பு எரியும். ஓலையோ தகரமோ வேய்ந்த கூரை, ஓரத்தில் சாறு பிழியும் எந்திரம், நடுவில் வாய் அகன்ற பெரிய கொப்பரை. விறகுக்குப் பஞ்சமில்லை: பிழிந்த சக்கையை வெயிலில் காயவைத்து அதே அடுப்பில் தள்ளுகிறார்கள். சாறு கொதிக்கும்போது சுண்ணாம்பு சேர்த்தால் அழுக்கு நுரையாக மேலே திரளும். நீண்ட கரண்டியால் அதை அள்ளி எறிவார்கள். பிறகு மணிக்கணக்கில் கொதிதான். பாகின் பதம் பார்க்கிறவர் கையில் கடிகாரமும் கிடையாது, வெப்பமானியும் கிடையாது. கொப்புளம் வெடிக்கிற விதமும் நிறமும் அவருக்குப் போதும். பதம் வந்ததும் பாகை மரத் தொட்டியில் ஊற்றி, கிளறி ஆறவிட்டு, சூடு தணிவதற்குள் கைநிறைய அள்ளி உருட்டிப் போடுகிறார்கள். ஆற விட்டால் உருளாது, அவசரப்பட்டால் கை வெந்துபோகும். உருண்டையின் மேல் விரல் பதிந்த தடம் அப்படியே நிற்கும். நிறம் கரும்பழுப்பு. சேற்றில் விழுந்து எழுந்ததுபோல இருக்கும் என்று வேண்டுமானால் குறை சொல்லலாம். ஆனால் உப்புக் கரிப்பு இல்லாத அந்த இனிப்பைப் பாயசத்தில் சுவைத்தவர்கள் நிறத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

மறையூர் வெல்லம் என்ற பெயரைப் போலிகளிடமிருந்து காப்பாற்றுவது எப்படி என்ற கேள்விக்கு, கடல்தாண்டி ஓர் ஊரின் கதை உதவும். 1970களில் இங்கிலாந்தின் பர்மிங்காமில், பாகிஸ்தான், காஷ்மீர்ப் பகுதிகளிலிருந்து குடியேறியவர்களின் உணவகங்களில் பால்டி என்ற கறி பிறந்தது. மெல்லிய எஃகுச் சட்டியில், பெருந்தீயில், நெய்க்குப் பதில் தாவர எண்ணெய் விட்டு, எலும்பில்லாத இறைச்சியை வேகமாகச் சமைத்து, அதே சட்டியோடு கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வைப்பார்கள். ரொட்டியால் வழித்துச் சாப்பிட வேண்டும். கறி புகழ்பெற்றதும் பிரிட்டன் முழுக்கப் பெயர் பரவியது. எங்கோ சமைத்த குழம்பைச் சட்டியில் ஊற்றிக் கொடுத்ததும் பால்டி ஆயிற்று. பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை.

மறையூருக்குக் கிடைத்தது. 2019 மார்ச்சில் இந்த வெல்லம் ‘மறையூர் சர்க்கரை’ என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்றது. அதே வருடம் பக்கத்திலிருக்கும் பழனி பஞ்சாமிர்தமும் பெற்றது. பர்மிங்காம் சமையல்காரர்களிடம் காட்டுவதற்கு ஒரு சட்டியும் செய்முறையும்தான் இருந்தன. மறையூர்க்காரர்களிடம் மண், தண்ணீர், குளிர், கைப்பழக்கம் நான்கும் இருந்தன.

ஆனால் குறியீடு வந்ததும் போலி ஓடிவிடவில்லை. தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து மலிவு வெல்லம் லாரியில் ஏறி, கேரளக் கடைகளில் ‘மறையூர்’ என்ற அட்டையோடு இறங்குவது பழைய புகார். வெள்ளைச் சர்க்கரை கலந்ததும், நிறத்துக்கு ரசாயனம் போட்டதும் அதில் உண்டு. சமவெளி வெல்லத்தில் நல்லதே இல்லை என்று இதற்குப் பொருளல்ல; அது தன் ஊர்ப் பெயரிலேயே விற்கட்டும். விலைப்போட்டியில் தோற்று மறையூர் விவசாயி கரும்பைக் கைவிட்டால், பிறகு குறியீடு எதற்கு?

அந்தப் பக்கம் போகிறவர்கள் சாலையோர அட்டையை நம்பாமல், புகை வருகிற கொட்டகையைத் தேடிப் போய்க் கேட்டு வாங்குங்கள். பளிச்சென்று மஞ்சளாக மின்னுகிற உருண்டையை யார் எந்தப் பெயர் சொல்லிக் கொடுத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது மறையூர் வெல்லம் இல்லை.