300 என விற்றது 450 என ஓடிய வரலாறு

வீட்டின் ஒரு மூலையில் இருந்து எழுதவும் கணக்குப் பார்க்கவும் ஒரு கணனி வேண்டும். அதன் விலை குறைவாக இருக்க வேண்டும். பிள்ளைகள் உறங்கும் அறையிலேயே அது இயங்க வேண்டியிருப்பதால் இரைச்சலும் இருக்கக் கூடாது. சிறிய வீடுகளில் வாழும் எளிய மக்களின் இந்த மூன்று தேவைகளும் கணனி வரலாற்றில் ஒரு தனி அத்தியாயத்தை எழுதியுள்ளன. பெருநிறுவனங்கள் குறித்த வேகத்திற்கும் மேலாகச் செயலியை ஓட்டும் கலையே அது. ஆங்கிலத்தில் ஓவர்குளொக்கிங் எனப்படும் இதனை நாம் மிகைவேகம் என்று அழைக்கலாம்.

ஒரு பளிங்கின் கதை

கணனியின் செயலி ஒரு தாளத்திற்கு ஏற்ப வேலை செய்கிறது. அத்தாளத்தைத் தருவது குவாட்ஸ் பளிங்கின் அதிர்வு. 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதலாவது தனியாள் கணனி 4.77 மெகாஹேட்ஸ் வேகத்தில் இயங்கியது. அதாவது செக்கனுக்கு 47 இலட்சத்து 70 ஆயிரம் தாளங்கள். 1984இல் அதே நிறுவனம் ஏ.ரி. என்னும் கணனியை 6 மெகாஹேட்ஸ் வேகத்தில் விற்றது. அதனுள் 12 மெகாஹேட்ஸ் பளிங்கு ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. செயலி அதில் பாதி வேகத்தில் ஓடியது. ஆர்வலர் சிலர் அப்பளிங்கைக் கழற்றிவிட்டு 16 மெகாஹேட்ஸ் பளிங்கைச் செருகினர். மிகச் சிறிய செலவில் கணனி 8 மெகாஹேட்ஸ் வேகத்தில் ஓடியது.

நிறுவனம் இதனை விரும்பவில்லை. பின்னர் வந்த ஏ.ரி. கணனிகளில், இயங்கத் தொடங்கும்போதே வேகத்தை அளந்து, கூடுதலாக இருந்தால் தொடர மறுக்கும் சோதனையைச் சேர்த்தது. 1986இல் 8 மெகாஹேட்ஸ் கணனியைத் தானே விற்பனைக்கு விட்டது. மக்கள் முன்னரே கண்டறிந்திருந்ததைப் பின்னர் விலைச்சீட்டுடன் மக்களுக்கே விற்றது எனலாம்.

சுட்டி வேறு, சரக்கு ஒன்று

இது எவ்வாறு இயலும் என்று வாசகர் வினவக் கூடும். ஒரே சிலிக்கன் தட்டிலிருந்து நூற்றுக்கணக்கான சில்லுகள் வெட்டியெடுக்கப்படுகின்றன. அவை ஒவ்வொன்றையும் சோதித்து, எவ்வளவு வேகத்தைத் தாங்கும் என்று பார்த்து, அதற்கேற்பப் பெயர்ச்சுட்டி ஒட்டுகின்றனர். ஆனால் உற்பத்தி முறை தேறத் தேற, பெரும்பாலான சில்லுகள் உயர்ந்த வேகத்தைத் தாங்கத் தொடங்குகின்றன. சந்தையிலோ மலிவான சில்லுகளுக்கே கேள்வி அதிகம். எனவே உயர்தரச் சில்லுகளும் தாழ்ந்த சுட்டியுடன் கடைக்கு வருகின்றன. தகுதி குறைந்ததால் அன்று, விற்பனைக் கணக்கினாலேயே அவற்றின் தரம் குறைத்து எழுதப்படுகிறது.

இதன் மிகச் சிறந்த சான்று 1998இல் கிடைத்தது. அவ்வாண்டு ஏப்ரலில் இன்ரெல் நிறுவனம் மலிவுக் கணனிகளுக்கென செலரோன் என்ற செயலியை அறிமுகம் செய்தது. காஷ் எனப்படும் இடைநினைவகத்தின் இரண்டாம் நிலை இன்றி வந்த அச்செயலி நல்ல பெயர் பெறவில்லை. அக்குறையை நீக்கி ஓகஸ்ட் மாதத்தில் செலரோன் 300ஏ வந்தது. அதனுள் 128 கிலோபைற் இடைநினைவகம் செயலியின் முழு வேகத்திலேயே இயங்கியது. விலை 149 டொலர். அதே நாளில் வெளிவந்த பென்ரியம் 2 செயலியின் 450 மெகாஹேட்ஸ் வகைக்கு விலை 669 டொலர்.

இங்கேதான் எளிய கணக்கு ஒன்று பெரும் மாற்றத்தை விளைவித்தது. செலரோன் 300ஏ, தாய்ப்பலகையின் 66 மெகாஹேட்ஸ் தாளத்தை நாலரை மடங்காக்கி 300 மெகாஹேட்ஸ் பெற்றது. அந்த நாலரை என்னும் பெருக்கத்தை மாற்ற இயலாதவாறு நிறுவனம் பூட்டியிருந்தது. மலிவுச் சில்லின் மேல் உயர்ந்த வேகத்தை அச்சிட்டு விற்ற மோசடி வணிகரைத் தடுப்பதும் அப்பூட்டின் ஒரு நோக்கமாகும். ஆனால் தாய்ப்பலகையின் தாளம் பூட்டப்படவில்லை. அதனை 100 ஆக்கினால், நாலரை மடங்கு 450! 669 டொலர் செயலியின் வேகம் 149 டொலருக்குக் கிடைத்தது. தாய்வானின் அபிற் நிறுவனம் விற்ற பி.எச்.6 என்னும் தாய்ப்பலகையில் திரையைப் பார்த்தே இம்மாற்றத்தைச் செய்யலாம். வேறு சில பலகைகளில் செயலியின் ஒரு தொடுமுனையைச் சிறு ஒட்டுநாடாத் துண்டால் மறைத்தாலே போதுமானதாயிருந்தது.

அதே 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கலாநிதி கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் மதுரைத் திட்டம் தொடங்கியது. பல நாடுகளில் வாழ்ந்த தமிழ்த் தன்னார்வலர்கள் தத்தம் வீட்டுக் கணனிகளிலே பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டெழுதினர். மலிவான வீட்டுக் கணனி ஒரு மொழிக்கு என்ன செய்ய வல்லது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

வெப்பமும் இரைச்சலும்

எனினும் வேகம் இலவசமாகக் கிடைப்பதன்று. செயலியில் உண்டாகும் வெப்பம் வேகத்தின் மடங்காகவும், மின்னழுத்தத்தின் வர்க்கமாகவும் உயரும். வேகத்தை ஒன்றரை மடங்காக்கி, அதைத் தாங்குவதற்காக மின்னழுத்தத்தையும் 10 சதவீதம் கூட்டினால் வெப்பம் 80 சதவீதத்திற்கும் மேல் ஏறும். வெப்பத்தை அகற்ற விசிறி விரைந்து சுழல வேண்டும். விசிறி விரைந்தால் இரைச்சல் எழும். மலிவு, வேகம், அமைதி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று முரண்படும் இடம் இதுவே.

வீட்டில் கணனி கட்டியோர் இதற்கும் வழி கண்டனர். சிறிய விசிறிக்குப் பதில் 12 சென்ரிமீற்றர் அகலமுள்ள பெரிய விசிறியை மெதுவாகச் சுழல விட்டனர். 12 வோல்ற் கம்பிக்கும் 5 வோல்ற் கம்பிக்கும் இடையே விசிறியை இணைத்து அதற்கு 7 வோல்ற் மட்டும் கிடைக்கச் செய்தனர். விசிறியின் வேகம் பாதியானால் இரைச்சல் ஏறக்குறைய 15 டெசிபெல் குறையும். 2001இல் சீகேற் நிறுவனம் திரவத் தாங்கியுடன் வெளியிட்ட வன்தட்டு, சுழலும் தட்டின் கிறீச்சொலியையும் பெரிதும் தணித்தது.

மிகைவேகத்தில் ஓடும் செயலி வெளிப்பார்வைக்குச் சீராக இருந்து, கணக்கில் மட்டும் தவறக் கூடும். கடிதமோ வரிக்கணக்கோ சிதைந்தால் சேமித்த பணத்தைவிட இழப்பு பெரிது. ஆதலால் பகா எண்களைத் தேடுவதற்காக 1996இல் உருவான பிறைம்95 என்னும் நிரலை இரவு முழுவதும் ஓடவிட்டு, ஒரு பிழையும் வராத வேகத்தையே அறிந்தோர் ஏற்றுக்கொண்டனர்.

ஓட்டம் நின்ற ஆண்டு

பெருநிறுவனமும் இறுதியில் இதே சுவரில் மோதியது. 20 வாற்றுக்கு உட்பட்டிருந்த செலரோன் காலம் மாறி, 2004இல் 3.8 கிகாஹேட்ஸ் பென்ரியம் 4 செயலி 115 வாற்று வெப்பத்தை உமிழ்ந்தது. 4 கிகாஹேட்ஸ் வகையை வெளியிடும் திட்டத்தை இன்ரெல் அவ்வாண்டே கைவிட்டது. 2006இல் வந்த கோர் 2 செயலிகள் குறைந்த தாளத்தில் கூடுதல் வேலை செய்தன. 2008 முதல், வெப்பநிலைக்கு ஏற்பத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆற்றல் செயலிக்குள்ளேயே வந்தது. 2011இலிருந்து இன்ரெலின் சாதாரண செயலிகளில் தாய்ப்பலகைத் தாளத்தை உயர்த்தும் வழியும் பெரும்பாலும் அடைபட்டது. பூட்டில்லாச் செயலிக்குக் கூடுதல் விலை கேட்டனர். 2014இல் 72 டொலருக்கு வந்த பென்ரியம் ஜி3258 ஓர் அரிய விலக்கு.

எனவே இன்று மலிவும் அமைதியும் வேண்டுவோர் வேகத்தைக் கூட்ட முனைய வேண்டியதில்லை. அலுவலகங்கள் கழித்துவிடும் சிறு கணனியொன்றை வாங்கி, தூசு துடைத்து, சுழலும் வன்தட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. பொருத்தினால் எழுத்து வேலைக்கு அதுவே மிகையாகும். மின்னழுத்தத்தைக் குறைக்க இடமுள்ள கணனியாயின் 10 சதவீதக் குறைப்பே வெப்பத்தை 19 சதவீதம் தணிக்கும். மின்னிணைப்பைக் கழற்றிய பின் பெட்டியைத் திறந்து பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆனால் மின்வழங்கிப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்க வேண்டாம்.

திறந்து காட்டும்போது 300 என்று சுட்டி ஒட்டப்பட்டு வந்த அச்சில்லின் கதையையும் சொல்லுங்கள். பட்டமும் தொழிலும் கற்று வந்து, புதிய நாட்டில் மிகக் கீழான சுட்டியுடன் வேலைக்கு நிற்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு அது எளிதில் விளங்கும்.